மலையிடுக்கிலிருந்து கடல்வரை: செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்த வழியே

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுப்பகுதியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில், சான் பிரான்சிஸ்கிட்டோ என்னும் குறுகிய மலையிடுக்கில், செயின்ட் பிரான்சிஸ் அணையின் எச்சங்கள் கிடக்கின்றன. 1926-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இவ்வணை, 1928 மார்ச் 12-ஆம் நாள் நள்ளிரவுக்கு இரண்டரை நிமிடம் இருக்கையில் உடைந்தது. அதிலிருந்து புறப்பட்ட வெள்ளம் மலையிடுக்கு வழியே தெற்கே இறங்கி, சாண்டா கிளாரா ஆற்றில் சேர்ந்து மேற்கே திரும்பி, 87 கிலோமீட்டர் ஓடி, மறுநாள் விடியற்காலை 5.30 மணியளவில் வென்டுரா நகருக்குத் தெற்கே பசிபிக் கடலில் விழுந்தது. குறைந்தது 431 பேர் இறந்தனர் என்பது பிற்கால ஆய்வுகள் தரும் கணக்கு. கலிஃபோர்னியாவில் 1906-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கும் தீக்கும் அடுத்தபடியாக மிகுதியான உயிர்களைப் பலிகொண்ட பேரழிவு இதுவே. வெள்ளம் ஐந்தரை மணி நேரம் எடுத்துக்கொண்ட வழியை இன்று காரில் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்றாலும், மலையிடுக்கில் தொடங்கி ஆற்றைப் பின்பற்றிக் கடல்வரை செல்பவர்க்கே இவ்வழிவின் இயல்பு ஓரளவு விளங்கும். ஏனெனில் ஒவ்வொரு ஊரிலும் யார் பிழைத்தனர், யார் மடிந்தனர் என்பதை நீரின் உயரம் மட்டும் தீர்மானிக்கவில்லை, யாருக்குச் செய்தி எட்டியது என்பதும் தீர்மானித்தது.

அணை எழுந்ததற்கான காரணம் மலையிடுக்கில் இல்லை. நகரின் தாகத்தில் இருந்தது. 1913-இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் நீர்க்கால்வாய், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 375 கிலோமீட்டர் தொலைவுக்கு, எங்கும் எந்திரம் கொண்டு நீரை இறைக்காமல், நிலத்தின் சரிவை மட்டுமே நம்பி நகருக்கு நீரைக் கொண்டுவந்தது. இதனைத் திட்டமிட்டு நிறைவேற்றியவர் வில்லியம் முல்ஹாலண்ட். 1855-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்து, 1877-இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, வாய்க்கால் தூர்வாரும் கூலியாளாகத் தொடங்கி, கல்லூரிப் படிப்பு ஏதுமின்றித் தாமே நூல்களைக் கற்று, நகர நீர்த்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர் அவர். 1920-இல் 5,76,673 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை 1930-இல் 12,38,048 ஆகப் பெருகிய வளர்ச்சிக்கு அவருடைய கால்வாயே அடிப்படையாக இருந்தது. அதனாலேயே அவர் சொல்லை மறுத்துரைக்கும் துணிவு நகர மன்றத்திலோ அவருடைய துறையிலோ எவருக்கும் எளிதில் வரவில்லை.

கால்வாய் ஓர் இடரையும் உடன் கொண்டுவந்தது. பூமியின் மேலோட்டின் இரு பெரும் தட்டுகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும் எல்லையாகிய சான் ஆண்ட்ரியஸ் நிலப்பிளவைக் கால்வாய் ஒரு சுரங்கத்தின் வழியே கடக்கிறது. அங்கே ஒரு பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால் நகருக்கு வரும் நீர் முற்றிலும் நின்றுபோகும். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் உழவர்களோ, தங்கள் நீர் பறிபோனதாகக் கருதி, 1924-இல் கால்வாயின் மதகுகளைக் கைப்பற்றி நீரைத் திருப்பிவிட்டனர். வெடிவைத்துக் கால்வாயைத் தகர்க்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. ஆகவே நிலப்பிளவுக்கு இப்பால், நகருக்கு அணித்தே, ஓராண்டுத் தேவைக்கான நீரைத் தேக்கி வைக்க முல்ஹாலண்ட் முடிவு செய்தார். கால்வாயின் நீர் விழுந்து மின்சாரம் தரும் இரண்டு மின்நிலையங்கள் ஏற்கெனவே சான் பிரான்சிஸ்கிட்டோ மலையிடுக்கில் இயங்கிக்கொண்டிருந்தன. அவ்விரண்டுக்கும் இடையே பள்ளத்தாக்கு விரிந்து, பின்னர் ஒடுங்கும் இடமே அணைக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. தேக்கிவைக்க ஏற்ற வடிவம் அந்நிலத்துக்கு இருந்தது உண்மையே; அதன் பாறைகளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

கட்டப்பட்டது வளைவுடன் கூடிய ஈர்ப்பு அணை. நீரின் தள்ளுவிசையைத் தன் சொந்த எடையாலேயே எதிர்த்து நிற்கும் கற்காரைச் சுவரையே பொறியாளர் ஈர்ப்பு அணை என்பர். அத்தகைய அணையின் அடிப்பகுதி, உயரத்துக்கு ஏற்ற அகலம் உடையதாக இருத்தல் வேண்டும். அடியிலுள்ள பாறையில் கசிந்து நுழையும் நீர், அணையைக் கீழிருந்து மேலே தூக்க முயலும். மேலுந்து விசை எனப்படும் இது, அணையின் எடையின் ஒரு பகுதியைச் செல்லாததாக்கிவிடுவதால், அந்நீரை வடித்துவிட வடிகுழாய்களை அமைப்பது முறை. செயின்ட் பிரான்சிஸ் அணையில் இக்குழாய்கள் நடுப்பகுதியில் மட்டுமே அமைந்தன. மேலும், கட்டுமானப் பணி தொடங்கிய பின்னர் கொள்ளளவைக் கூட்டுவதற்காக அணையின் உயரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 3 மீட்டர் உயர்த்தப்பட்டது. அதற்கு ஏற்ப அடி அகலப்படுத்தப்படவில்லை. முடிவில் அடித்தளத்திலிருந்து 60 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமும், ஏறத்தாழ 213 மீட்டர் நீளமும் கொண்டு நின்ற அச்சுவர், மேற்கு மேட்டில் 179 மீட்டர் நீளமுள்ள தாழ்ந்த கரைச்சுவராக நீண்டது. தேங்கிய நீர் 4.7 கோடி கனமீட்டர், அதாவது தமிழ் நாளிதழ்கள் வழங்கும் கணக்கில் 1.66 டி.எம்.சி. இக்காலப் பெரும் நீர்த்தேக்கங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அது செய்த அழிவின் பேரளவு மேலும் தெளிவாகும்.

வெளியாள் ஒருவர் இவ்வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. தமக்கெனப் பொறியியல் துறை வைத்திருந்த நகராட்சிகள் கட்டும் அணைகளை மாநிலப் பொறியாளரின் மேற்பார்வையிலிருந்து அன்றைய கலிஃபோர்னியச் சட்டம் விலக்கி வைத்திருந்தது. இடத்தைத் தேர்ந்தவர், வடிவத்தை ஒப்புக்கொண்டவர், உயரத்தைக் கூட்ட இசைந்தவர், பாதுகாப்பானது என்று சான்று தந்தவர் எல்லாரும் ஒருவரே. அழிவின் காரணங்களைத் தேடி வந்த நூல்கள் பாறையையும் கற்காரையையும் பற்றிப் பல பக்கங்கள் எழுதியிருந்தாலும், இந்த ஒரு செய்தியின் கனத்துக்கு அவை ஈடாகா.

இன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, சாண்டா கிளாரிட்டாவின் புதிய குடியிருப்புகளைக் கடந்து, சான் பிரான்சிஸ்கிட்டோ சாலையில் நுழைந்தால், ஓடுபோட்ட வீடுகளின் வரிசை சட்டென முடிந்து, உலர்ந்த புதர்க்காடு மூடிய மலைகள் இருபுறமும் நெருங்குகின்றன. 2005-ஆம் ஆண்டின் மழைவெள்ளம் பழைய சாலையை அரித்துச் சென்ற பின்னர் புதிய சாலை சற்று விலகிப் போடப்பட்டது. அணை இருந்த இடத்துக்குக் கைவிடப்பட்ட பழைய தார்ச்சாலையின் வழியே நடந்தே செல்ல வேண்டும். ஓடையின் ஓரத்தில் வில்லோ மரங்களும் பருத்திப்பொப்லார் மரங்களும் நிற்கின்றன. அணைக்கு முன்புறம் படிக்கட்டு வடிவம் கொடுக்கப்பட்டிருந்ததால், புதருக்குள் கிடக்கும் சிதைந்த கற்காரைத் துண்டுகள் சிலவற்றில் அப்படிகளை இன்னும் அடையாளம் காணலாம். மேற்கு மேட்டில் ஏறினால், நீண்ட தாழ்ந்த கரைச்சுவரின் எச்சம் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதைக் காணலாம்.

இங்கே ஒருவர் நின்று பார்க்க வேண்டியது கற்காரையை அல்ல, மலையை. கிழக்குச் சரிவில் இருப்பது சிஸ்ட் எனப்படும் சாம்பல்நிறப் பாறை. தகடு தகடாகப் பிளவுபடும் இயல்புடைய இது, இவ்விடத்தில் பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்த அடுக்குகளாக இருப்பதால் நழுவுவதற்கு எப்போதும் ஆயத்தமாக உள்ளது. மேற்குச் சரிவில் இருப்பதோ செந்நிறமான உருள்கல் திரட்டுப் பாறை. பண்டைக் காலத்து மணலும் கூழாங்கல்லும் களிமண்ணும் ஒன்றாக இறுகி உருவானது. உலர்ந்திருக்கும்போது உறுதியாகத் தோன்றும் இப்பாறையில் ஒரு கைப்பிடித் துண்டை எடுத்து நீரில் இட்டால், குமிழ்கள் எழும்பி, ஒரு மணி நேரத்துக்குள் உதிர்ந்து சேறாகிவிடும். அழிவுக்குப் பின்னர் வந்த விசாரணைக் குழுவினர் இச்சோதனையைச் செய்து பார்த்தனர். இரண்டு பாறைகளும் சந்திக்கும் நிலப்பிளவின் மேலேயே அணை அமர்ந்திருந்ததும் அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. சாம்பலும் சிவப்பும் சந்திக்கும் கோடு இன்றும் வெறுங்கண்ணுக்குப் புலப்படுகிறது. ஒரு குவளை நீர் செலவழிந்திருந்தால் போதும் என்று பிற்காலத்தார் சொல்வது மிகை என்றாலும், அச்சோதனைக்கு எவ்விதக் கருவியும் வேண்டியிருக்கவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை.

நீர் நிரப்பும் பணி 1926 மார்ச் மாதத்தில் தொடங்கியது. விரிசல்களும் கசிவுகளும் அவ்வப்போது தோன்றின. கற்காரை இறுகும்போது ஏற்படுபவை என்று கூறி அவை அடைக்கப்பட்டன. 1928 மார்ச் 7-இல் நீர்மட்டம் கலிங்கின் விளிம்புக்கு, அதாவது மிகைநீர் வழிந்தோடும் வாய்க்கு, மூன்று அங்குலம் கீழே வந்து நின்றது. மார்ச் 12 காலையில் அணைக் காவலர் டோனி ஹார்னிஷ்ஃபெகர் மேற்குப் பக்கத்தில் ஒரு புதிய கசிவைக் கண்டார். வெளிவரும் நீர் கலங்கியிருந்தது அவரை அச்சுறுத்தியது. தெளிந்த நீர் கசிவது பெரும்பாலான அணைகளில் இயல்பு. கலங்கல் நீர் வருகிறது என்றால் அடியிலுள்ள மண்ணையோ பாறையையோ நீர் அரித்துக் கொண்டுவருகிறது என்று பொருள். அவர் தொலைபேசியில் சொன்னவுடன் முல்ஹாலண்டும் அவருடைய உதவியாளர் ஹார்வி வான் நார்மனும் காரில் வந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்தனர். கசிவின் ஊற்றில் நீர் தெளிவாகவே இருக்கிறது, அருகில் போட்டுக்கொண்டிருந்த வழித்தடத்தின் தளர்ந்த மண்ணில் ஓடி வருவதனால்தான் கலங்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அணைக்கு இடரில்லை என்று சொல்லிவிட்டு நண்பகலுக்குப் பிறகு இருவரும் நகருக்குத் திரும்பினர். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அணை இல்லாமற்போயிற்று. ஹார்னிஷ்ஃபெகர் அணைக்குக் கீழே 400 மீட்டர் தொலைவில் குடியிருந்தார். அவரும் அவருடைய ஆறு வயது மகனும் முதற்பலியாயினர். அவர் உடல் கிடைக்கவேயில்லை. அவ்வீட்டில் அவர்களுடன் வாழ்ந்த ஒரு பெண்ணின் உடல், வீட்டிலன்றி, அணையின் அடிக்கு அருகே கற்காரைப் பாளங்களிடையே, முழு உடையுடன் கிடந்தது. நள்ளிரவில் அவர்கள் அணையைப் பார்க்க மேலே சென்றிருந்தனர் என்று ஊகிக்க இதுவே சான்று.

உடைந்த கணத்தைக் கண்ணால் கண்டவர் எவரும் பிழைத்ததில்லை. அணை நின்ற நிலையில் அதைக் கடைசியாகக் கடந்து பிழைத்தவர் ஏஸ் ஹோப்வெல் என்னும் தச்சர். இரவு 11.50 மணியளவில் மோட்டார் சைக்கிளில் அணையைத் தாண்டி மேலே உள்ள முதல் மின்நிலையத்தை நோக்கிச் சென்ற அவர், ஏதோ ஓர் அதிர்வொலி கேட்டு நின்று, மலைச்சரிவு என்று எண்ணி மேலே சென்றுவிட்டார். 11.57 மணிக்கு நகரில் மின்விளக்குகள் மங்கி மீண்டன. ஏறத்தாழ 70 நிமிடத்தில் நீர்த்தேக்கம் காலியாயிற்று. விடிந்தபோது, வடிகுழாய்கள் இருந்த நடுப்பகுதி மட்டும் இருபுறமும் ஏதுமின்றித் தனித்து நின்றது. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பாளங்கள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு உருண்டு போயிருந்தன. மக்கள் கல்லறைக்கல் என்று பெயரிட்ட அந்நடுத்தூண் வேடிக்கை பார்ப்பவர்களை இழுத்தது. அதன் மேலிருந்து இளைஞர் ஒருவர் விழுந்து இறந்த பின்னர், 1929 மே மாதத்தில் நகராட்சி அதை வெடிவைத்துத் தகர்த்தது. அதனால் இன்று இவ்விடத்துக்கு வருபவர், அணை எங்கே நின்றது என்பதை வரைபடத்தின் துணையின்றி எளிதில் அறிய இயலாது. விபத்தைத் தடுக்கவே தகர்த்ததாகச் சொன்னாலும், தன் தோல்வியின் சின்னத்தை நகரம் விரும்பியிருக்காது என்று எண்ணுவதற்கும் இடமுண்டு.

எந்தப் பக்கம் முதலில் உடைந்தது என்ற வினா நெடுங்காலம் தீரவில்லை. ஆளுநர் சி. சி. யங் அமைத்த, ஏ. ஜே. வைலி தலைமையிலான குழு சில நாள்களுக்குள் அறிக்கை தந்து, நீரில் ஊறிய மேற்குச் செம்பாறையையே குற்றம் சாட்டியது. ஸ்டான்ஃபோர்டு நிலவியலாளர் பெய்லி வில்லிஸும் பொறியாளர் கார்ல் கிரன்ஸ்கியும், அதே ஆண்டிலேயே, கிழக்குச் சரிவு ஒரு பழைய மண்சரிவின் மேல் அமைந்திருந்ததைச் சுட்டிக்காட்டினர். அவர்கள் சொல் அன்று பெரிதும் எடுபடவில்லை. 1990-களில் பொறியியல் நிலவியலாளர் ஜே. டேவிட் ராஜர்ஸ் கணக்கீடுகளுடன் மீண்டும் ஆராய்ந்து, ஊறிய பழைய சரிவு கிழக்கில் நகர்ந்து அணையைத் தள்ளியதும், வடிகுழாய்கள் இல்லாத பகுதிகளில் மேலுந்து விசை அணையைத் தூக்கியதும் சேர்ந்தே அழிவை விளைத்தன என்று காட்டினார். அணையின்மேல் இருந்த தானியங்கி நீர்மட்டப் பதிவுக் கருவி, கடைசி அரைமணி நேரத்தில் நீர்மட்டம் விரைந்து இறங்கியதாகக் காட்டியிருந்தது. நீர் இறங்கவில்லை, அணையே அசைந்தது என்று இன்றைய ஆய்வாளர் இதற்குப் பொருள் கொள்கின்றனர்.

அணையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் கீழே இரண்டாம் மின்நிலையம் இன்றும் இயங்குகிறது. மலைமேலிருந்து இறங்கும் பருத்த நீர்க்குழாய்களும், அவற்றின் அடியில் நிற்கும் கட்டடமும், சாலையோரத்தில் மாநில வரலாற்றுச் சின்னத்தின் பெயர்ப்பலகையும் கண்ணில் படுகின்றன. அணை உடைந்த ஐந்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்துடன் வந்த அலை பழைய மின்நிலையத்தையும் அதைச் சுற்றியிருந்த குடியிருப்பையும் துடைத்துச் சென்றது. அங்கு வாழ்ந்த தொழிலாளரும் குடும்பத்தினருமாகிய 67 பேரில் மூவர் மட்டுமே எஞ்சினர். இவ்வளவு அருகில் எச்சரிக்கைக்கு நேரமே இல்லை. நகருக்கு மின்சாரம் வேண்டியிருந்ததால் அதே ஆண்டின் நவம்பருக்குள் நிலையம் மீண்டும் எழுப்பப்பட்டது. அணை இருந்த இடத்தை நினைவிடமாக ஒன்றிய அரசு அறிவித்தது 2019 மார்ச் 12-இல், சரியாகத் தொண்ணூற்றோராம் நினைவுநாளில். முல்ஹாலண்டின் பெயரிலோ ஒரு நெடுஞ்சாலையும் ஒரு நீரூற்றும் ஓர் அணையும் நகரில் பல பத்தாண்டுகளாகவே உண்டு.

மலையிடுக்கு முடியும் இடத்தில் நிலம் விரிகிறது. வெள்ளமும் அவ்வாறே விரிந்து, தாழ்ந்து, விரைவு குறைந்தது. சாண்டா கிளாரா ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகவே கிடப்பது. தென் கலிஃபோர்னியாவில் கரைகளைக் கற்காரையால் கட்டி அடக்காமல் பெருமளவு விட்டுவைத்த ஆறுகளில் இதுவும் ஒன்று. ஐந்தாம் எண் நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில், ஒரு கேளிக்கைப் பூங்காவின் சுழல்வண்டித் தடங்கள் வானத்தில் வளைந்து நிற்கின்றன. அதன் அருகேதான் காஸ்டெய்க் சந்திப்பு என்ற சிற்றூர் இருந்தது. நள்ளிரவு ஒரு மணியளவில் 17 மீட்டர் உயர நீர் எடிசன் மின்நிறுவனத்தின் துணைமின்நிலையத்தை அழித்துப் பள்ளத்தாக்கு முழுவதையும் இருளாக்கி, அச்சிற்றூரையும் கொண்டுசென்றது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், லாஸ் ஏஞ்சலஸ், வென்டுரா மாவட்டங்களின் எல்லைக்கு அருகே, அதே நிறுவனத்துக்காக மின்கம்பி அமைக்க வந்த 150 பேர் ஆற்றங்கரைச் சமவெளியில் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தனர். அணை உடைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தும் குழப்பத்தில் அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. 84 பேர் இறந்தனர். குளிருக்காகக் கூடாரத் துணிகளை இறுகக் கட்டிக்கொண்டு உறங்கியவர்கள் சிலர், உள்ளே அடைபட்ட காற்றினால் கூடாரத்தோடு மிதந்து தப்பினர். மின்நிலையத்தில் நேரமின்மை கொன்றது; இங்கே கொன்றது, நேரம் இருந்தும் வராத ஒரு தொலைபேசி அழைப்பு.

இங்கிருந்து 126-ஆம் எண் மாநிலச் சாலை ஆற்றோடு சேர்ந்து மேற்கே செல்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழத் தோப்புகள் இருபுறமும் தொடர, பைரு, ஃபில்மோர், சாண்டா பாலா என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பைருவுக்கு அருகே, ஸ்பானியக் குடியேற்றத்தின் கட்டடக்கலையைக் காட்டும் கமுலோஸ் பண்ணைவீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. சாலை மேட்டிலும் தோப்புகள் சரிவிலும் ஆற்றுப்படுகை தாழ்விலும் அமைந்திருக்கும் இந்த அடுக்கைக் கவனித்தால், 1928-இல் யார் எங்கே வாழ்ந்தனர் என்பதும் புரியும். தோப்பு உடைமையாளரின் வீடுகள் மேட்டில் இருந்தன. தோப்புகளில் கூலிவேலை செய்த, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களின் குடிசைகளும் கூடாரங்களும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருந்தன. பெயர்ப்பட்டியலில் இல்லாதவரும் அன்றாடம் இடம்மாறி வேலை தேடியவரும் மிகுதி என்பதாலேயே இறந்தோர் எண்ணிக்கையை எவராலும் முடிவாகச் சொல்ல இயலவில்லை. 431 என்பதுகூட, பிற்கால ஆய்வாளர் இடுகாட்டுப் பதிவுகளையும் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் ஒப்புநோக்கி மீட்டெடுத்த பெயர்களின் தொகையே.

இருப்பினும் இப்பகுதியில் பலர் பிழைத்தனர். சாண்டா பாலாவின் தொலைபேசி நிலையத்தில் இரவுப்பணியில் இருந்த லூயிஸ் கைப் என்ற பெண்ணுக்கு 1.30 மணிக்குச் சற்று முன்னர், தொலைதூர அழைப்பு நிலையத்திலிருந்து செய்தி வந்தது. ஊருக்குள் வெள்ளம் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவர் போக்குவரத்துக் காவலர் தார்ன்டன் எட்வர்ட்ஸை எழுப்பி, பின்னர் தாழ்நிலத்து வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினார். எட்வர்ட்ஸும் உடன் பணியாற்றிய ஸ்டான்லி பேக்கரும் மோட்டார் சைக்கிள்களில் தெருத் தெருவாகச் சென்று கதவுகளைத் தட்டினர். எழுப்பப்பட்ட வீட்டார் அண்டை வீடுகளை எழுப்ப வேண்டும் என்று சொல்லிச் சென்றதால், இருவரால் எட்ட முடிந்ததைவிடப் பல மடங்கு தொலைவுக்குச் செய்தி பரவிற்று. தொலைபேசி இல்லாத கூலிக் குடும்பங்கள் தப்பியதற்கு இந்த ஏற்பாடே காரணம். இரயில் நிலையத்துக்கு அருகே மோட்டார் சைக்கிளில் விரையும் இரு காவலர்களின் வெண்கலச் சிலை 2003-இல் நிறுவப்பட்டது. எரிக் ரிச்சர்ட்ஸ் வடித்த அதற்கு எச்சரிக்கை என்றே பெயர். தொலைபேசிப் பலகையின் முன் எழாமல் அமர்ந்திருந்த பெண்ணுக்குச் சிலையில் இடமில்லாதது ஒரு குறையே. பள்ளி மாணவராக அவ்வெள்ளத்தை இவ்வூரிலிருந்து கண்ட சார்லஸ் அவுட்லண்ட், பின்னாளில் பழத்தோப்பு நடத்திக்கொண்டே ஆவணங்களைத் தேடித் திரட்டி, 1963-இல் வெளியிட்ட நூலே இந்நிகழ்ச்சியின் முதல் முழுமையான வரலாறு. அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளில் நகரம் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

சாண்டா பாலாவுக்கு அப்பால் சட்டிகாய், மான்டால்வோ ஆகிய ஊர்களைக் கடந்து ஆறு கடலை அடைகிறது. வெள்ளம் இங்கு வந்தபோது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலம் விரிந்து, மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைந்த விரைவில், வேரோடு பெயர்ந்த பழமரங்களையும் வீடுகளையும் உடல்களையும் சுமந்துவந்தது. இன்று அம்முகத்துவாரத்தில் நாணற்புதர்களும் பறவைகளும், அருகே எண்ணெய்க் கிணறுகளும் உள்ளன. அடையாளம் காணப்படாதவர்கள் வென்டுராவின் ஐவி லான் இடுகாட்டில் ஒன்றாகப் புதைக்கப்பட்டனர். மலையிடுக்கிலேயே, ரூயிஸ் குடும்பத்தாரின் சிறிய இடுகாட்டில், ஒரே நாளின் இறப்புத் தேதியைத் தாங்கிய கற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.

மரண விசாரணை அதிகாரி ஃபிராங்க் நான்ஸ் நடத்திய பொது விசாரணையில் முல்ஹாலண்ட் சாட்சியமளித்தார். பழியை வேறெவர் மீதும் சுமத்த வேண்டாம், பிழை நேர்ந்திருந்தால் அது தம்முடையதே என்று அவர் கூறினார். குற்ற வழக்குக்கு இடமில்லை என்று தீர்மானித்த ஜூரிகள், ஒரு பெரிய அணையின் கட்டுமானத்தை எவ்வளவு புகழ்பெற்றவராயினும் ஒருவருடைய முடிவுக்கு மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்று எழுதிவைத்தனர். இத்தீர்ப்பில் பாறையைப் பற்றிய பகுதி பிற்கால அறிவியலால் திருத்தப்பட்டுவிட்டது. மேற்சொன்ன வாக்கியம் திருத்தப்படவில்லை. 1929-இல் கலிஃபோர்னியச் சட்டமன்றம், ஒன்றிய அரசின் அணைகள் நீங்கலாக மற்ற அணைகள் அனைத்தையும் மாநிலப் பொறியாளரின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்து, நகராட்சிகளுக்கு அளித்திருந்த விலக்கை நீக்கியது. கட்டடப் பொறியாளர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது. முல்ஹாலண்ட் 1928-இன் இறுதியில் பணியிலிருந்து விலகி, 1935-இல் இறந்தார். இழந்த கொள்ளளவுக்கு ஈடாக அடுத்த மலையிடுக்கில் 1934-இல் எழுந்த பூக்கே அணை கற்காரையால் ஆனதன்று, மண்கரை.

இவ்வழியே வந்தவர் நகருக்குத் திரும்பும்போது பார்க்க வேண்டிய இடம் இன்னும் ஒன்று உண்டு. ஹாலிவுட் குன்றுகளின் நடுவே 1924-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்ஹாலண்ட் அணை, வடிவத்தில் செயின்ட் பிரான்சிஸ் அணையின் மூத்த உடன்பிறப்பு. அதன் மேல் நடைபாதையில் மக்கள் மாலைநேரத்தில் உலவுகின்றனர். 1928-க்குப் பின்னர் கீழே வாழ்ந்தவர்களின் அச்சமும் வல்லுநர் குழுக்களின் ஆய்வும் நெருக்கியதால், நகராட்சி 1933-34-இல் அதன் முன்முகத்தில் பெருமளவு மண்ணைக் குவித்து, அதன்மேல் மரங்களை நட்டது. மண்ணின் எடை அணைக்கு வலுவூட்டியது. அதோடு, கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அணையே தெரியாமலும் போயிற்று. இரண்டு நோக்கங்களில் எது முதன்மையானது என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். நீர்மட்டத்துக்கும் அப்போது ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. கலிங்குவரை நிரப்புவதற்கென்று வடிவமைக்கப்பட்ட அந்நீர்த்தேக்கத்தில் அவ்வளவு நீர் அதன் பிறகு தேக்கப்படவில்லை.